மழுங்கல் மாண்பு
(பழைய யாத்திரை வண்டியின் சன்னல் ரப்பரை மீண்டும் பொருத்துதற்குரிய கருவிகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி)

பாயிரம்

ஆராய்ச்சி என்னும் பெயரால் நம் நாட்டில் நடைபெறுவனவற்றுள் பெரும்பாலானவை கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் புலவர்களின் காலவரையறையையும் பற்றியனவாகவே அமைந்துவிட, ஐப்பசி மழையில் ஒரு வேனுக்குள் அமர்ந்து பிரயாணம் செய்பவனுடைய இடது முழங்காலின்மேல் மட்டும் சன்னலோரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்குவதன் காரணம் யாது, அதனை நிறுத்துதற்குரிய கருவிகள் யாவை என்னும் மகத்தான விஷயம் பண்டிதர்களின் பார்வைக்கு அப்பாலேயே கிடந்துவருகிறது. வண்டிக்காரர் ஒரு பழைய துண்டை நான்காக மடித்துச் சன்னலடியில் வைக்கிறார். துண்டு நனைந்ததும் பிழிகிறார். பிழிந்ததை மறுபடி வைக்கிறார். இவ்வாறு துண்டு பிழியப்படுகிறதேயொழியக் காரணம் ஆராயப்படுவதில்லை.

இக்குறையை நீக்கும் பொருட்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள், வண்டியாகவும் வீடாகவும் ஒருங்கே பயன்படும் பழைய வாகனங்களில், கண்ணாடியைச் சுற்றி ஓடும் ரப்பர்ப் பட்டையும் அதனை இறுகப் பூட்டும் லாக் பீடிங் என்னும் மெல்லிய நாடாவும் இற்றுப்போனபின், அவற்றைக் கழற்றிப் புதியன பொருத்துதற்கு வேண்டும் கருவிகளே ஆகும். எஞ்சின், பிரேக், டயர் முதலிய அற்ப விஷயங்கள் இவ்வாராய்ச்சியின் எல்லைக்குப் புறம்பானவை. அவற்றைப் பற்றி அறிய விரும்புவோர், வண்டி நின்றுபோன இடத்தில் இறங்கித் தாமே ஆராய்ந்துகொள்வாராக.

எமது பிரதிக்ஞை வருமாறு: கருவி என்றால் கூர்மை என்று உலகம் நெடுங்காலமாக நம்பிவருகிறது, தச்சர் உளியைத் தீட்டுகிறார், குடியானவர் அரிவாளைத் தீட்டுகிறார், வாத்தியார் மாணாக்கனுடைய புத்தியைத் தீட்ட முயல்கிறார். சன்னல் ரப்பர் பொருத்தும் இந்த ஒரு தொழிலில் மட்டும் மழுங்கலே குணம், கூர்மையே தோஷம் என்பதை நிறுவுவதே எம் நோக்கம். இதனை மழுங்கல் கோட்பாடு என்று பெயரிட்டு வழங்குவோம்.

வாகன சரித்திரம்

வீட்டைச் சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டுமென்னும் ஆசை மனித குலத்துக்குப் புதிதன்று. 1885ஆம் ஆண்டில், கப்பற்படையில் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையொன்றில் 'வாண்டரர்' என்ற பெயரால் ஒரு பயண வீட்டைக் கட்டுவித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டித் தேசாந்தரம் போனார். உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் அதுவே என்பர். அமெரிக்காவில் அயோவா மாகாணத்து வின்னபேகோ கம்பெனியார் 1966ஆம் ஆண்டு முதல் மோட்டார் வீடுகளை வரிசை வரிசையாகச் செய்து தள்ளினர். நம் தென்னாட்டிலோ, 1982இல் என்.டி. ராமராவ் பழைய செவர்லே வேன் ஒன்றைச் 'சைதன்ய ரதம்' ஆக்கி, அதன் கூரைமேல் நின்று பேசியும் அதனையே வீடாகக் கொண்டும் ஆந்திர தேசத்தை வலம்வந்து, 1983 ஜனவரியில் முதலமைச்சராகவும் ஆனார். அந்த ரதத்தின் அரசியல் விளைவுகளைப் பற்றி எழுதியவர் பலர். அதன் சன்னல் ரப்பர் மழைக்குத் தாங்கிற்றா என்று எழுதியவர் எம் கண்ணில் படவில்லை.

இனி, இவ்வாராய்ச்சிக்குச் செட்டிநாடு தக்க நிலந்தானா என்று ஆட்சேபிப்பாரும் உளர். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும்படி, பர்மாத் தேக்காலும் இத்தாலியச் சலவைக் கல்லாலும் ஆத்தங்குடிக் கல்லாலும் மாளிகை கட்டிய சமூகத்தாரிடையே, ஒரு வேனுக்குள் குடியிருக்க வேண்டிய நிர்ப்பந்தம் யாருக்கு வரும் என்பது அவர்கள் வாதம். வாதம் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது; காரைக்குடியின் தெருக்களில் ஒரு வாரம் நின்று பார்த்தால் நிற்காது.

முதலாவதாக, கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் சினிமாப் படப்பிடிப்பு ஓயாது நடைபெறுவதால், நடிகர்களுக்குரிய கேரவன்கள் மாளிகைகளின் வாசலிலேயே வந்து நிற்கின்றன. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ நடத்தி, 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தை எடுத்த காலத்து நடிகர்கள் இந்தச் சௌகரியத்தை அறியார். இன்றோ, எண்ணி முடியாத சன்னல்களையுடைய மாளிகையைப் பின்னணியாக வைத்து நடித்துவிட்டு, நடிகர் இளைப்பாறப் போவது தெருவில் நிற்கும் வண்டியில், முழ அகலமுள்ள ஒற்றைச் சன்னலின் அருகில்!

இரண்டாவதும் எம் ஆராய்ச்சிக்கு உயிரானதுமாகிய வாகனம், தை மாதத்தில் நகரத்தார் பழநிக்குக் காவடியெடுத்து நடந்துசெல்லும் பாதயாத்திரையில், அவர்களுக்குப் பின்னும் முன்னுமாக ஊர்ந்துசெல்லும் பழைய வேன். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று அந்த வழி நீளும். மாட்டு வண்டிகள் செய்துவந்த ஊழியத்தை மோட்டார் பங்குபோட்டுக்கொண்டபோது, ஜெர்மானியக் கூட்டோடு 1958இல் தொடங்கிய பஜாஜ் டெம்போ கம்பெனியாரின் மெட்டடார் வேன் முதலானவை இங்கே வந்து சேர்ந்தன. உள்ளிருந்த பெஞ்சுகளைப் பிடுங்கிவிட்டு, ஒரு பக்கம் பலகைக் கட்டில், மறு பக்கம் அரிசி மூட்டை, மூலையில் காஸ் அடுப்பு, கூரையில் தண்ணீர் டிரம், சன்னலுக்குப் பழம்புடவைத் திரை என்று அமைத்துவிட்டால், நடப்பவர்க்கு அது கிடங்கு. நடக்க மாட்டாத ஆச்சிமார்க்கு அது வீடு. இத்தகைய வண்டி தை மாதம் தவிர மற்ற மாதங்களிலெல்லாம் வேப்பமரத்தடியில் வெயிலைக் குடித்துக்கொண்டு நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் ஒழுகும். மார்கழியில் ஒழுகினது நினைவுக்கு வரும். ஆகவே இத்தொழிலுக்குரிய பெரும்பொழுது மார்கழி என்பதும், சிறுபொழுது நண்பகல் என்பதும் கொள்ளப்படும். நண்பகல் ஏன் என்பது பின்னர் விளங்கும்.

நோயின் நிதானம்

வைத்தியம் சொல்வதற்கு முன் நோயின் காரணத்தை ஆராய்தல் ஆயுர்வேத மரபாதலால், ரப்பர் கெடுவது எவ்வாறு என்பதைச் சிறிது நோக்குவோம். பாலாக வடிந்து, வெயிலில் பிசுபிசுத்துக் குளிரில் உடையும் வஸ்துவைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது நிலைபெற்ற குணமுடையதாகும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டு, 1844இல் அதற்கு உரிமைப் பட்டயமும் பெற்றார். அவ்வாறு நிலைபெற்ற ரப்பரும் காற்றிலுள்ள ஓசோனுக்கு முன்னால் நிலைப்பதில்லை. இழுபட்டு நிற்கும் இடத்தில் ஓசோன் தாக்கினால், இழுபட்ட திசைக்குக் குறுக்கே மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். சன்னலின் நான்கு மூலைகளிலும் பட்டை வளைந்து இழுபட்டு நிற்பதால், ஒழுக்கு எப்போதும் மூலையிலேயே பிறக்கிறது. இக்காலத்து வண்டிகளுக்கு ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரால் பட்டை செய்கின்றனர். அது வெயிலுக்கும் ஓசோனுக்கும் அஞ்சுவதில்லை. பழைய வண்டிக்குப் பட்டை வாங்குபவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே.

லாக் பீடிங்கின் கதை வேறு. அது பெரும்பாலும் பிவிசியால் ஆனது. அதற்கு இளக்கம் தருவதற்காகச் சேர்த்த எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் ஆண்டுக்காண்டு வெயிலில் கசிந்து வெளியேறிவிட, நாடா விறைத்துச் சுருங்கி, தொடக்கத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்த அதன் இரு நுனிகளும் விலகி, இடையே ஓர் இடைவெளியைக் காட்டும். அவ்விடைவெளியின் வழியே நீர் புகுந்து, ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே தங்கி, தகரத்தின் விளிம்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. வெளியே பளபளக்கும் பெயின்ட். உள்ளே பொரிந்த தகரம்.

துருவைப் பற்றிப் பேசத் தொடங்கியபின் காரைக்குடிக்காரன் சற்றே நிமிர்ந்து உட்காருவது இயல்பு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம் இவ்வூரில்தான் இருக்கிறது. உலோக அரிமானம், அதாவது துரு, அங்கே ஆராயப்படும் தலையாய விஷயங்களுள் ஒன்று. அலுமினியச் சட்டத்தை இரும்புத் திருகாணியால் முடுக்கி இடையில் மழைநீரையும் நிறுத்தினால், அவ்விரண்டும் சேர்ந்து ஒரு சிறு பாட்டரியாகி, அலுமினியம் தன்னைத் தேய்த்துக்கொள்ளும் என்பது மின்வேதியியலின் பாலபாடம். இந்தப் பாட்டரி அக்கூடத்தின் மதிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நிற்கும் வேனின் சன்னல்தோறும் எவர் உதவியுமின்றி இயங்கிவருகிறது.

கருவிகளின் பாகுபாடு

கருவிகள் அழிப்பன, துலக்குவன, ஆக்குவன என மூவகைப்படும்.

அழிக்கும் கருவிகளுள் முதன்மையானது திருப்புளி. எந்தத் திருப்புளி என்பதில்தான் தொழிலின் ரகசியம் இருக்கிறது. புதிதாக வாங்கிய திருப்புளியின் நுனியில் இரு மூலைகளும் கத்திமுனையாக நிற்கும். அதனை ரப்பருக்கடியில் செருகி நெம்பினால் பட்டை கிழியும், கை வழுக்கினால் பெயின்ட் கீறும், கண்ணாடியின் விளிம்பில் பட்டால் அதோடு அன்றைய வேலை முடிந்தது. அனுபவசாலியான டிங்கரின் பெட்டியிலோ, திருகாணிக்கு இனி உதவாது என்று ஒதுக்கப்பட்ட ஒரு பழந்திருப்புளி இருக்கும். அதன் நுனியை அரத்தால் உருட்டி, உப்புத்தாளால் தேய்த்து, நாக்கில் வைத்தாலும் காயம் படாத அளவுக்கு வழவழப்பாக்கி வைத்திருப்பார். புதுத் திருப்புளியைக் கடன் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கும் அவர், இந்தத் திருப்புளியைக் கேட்டால் மட்டும், "அது வேலையில இருக்குங்க" என்று சொல்லி மடியில் செருகிக்கொள்வார்.

இரண்டாவது கருவி, சைக்கிளின் போக்ஸ் கம்பி. ஒரு நுனியை நெருப்பில் காட்டி வளைத்து, வளைவை அரத்தால் மழுக்கினால், பழைய லாக் பீடிங்கைப் பள்ளத்திலிருந்து கிளப்பி எடுக்கும் கொக்கி ஆகிவிடும். கிளப்பும் இடம் நாடாவின் இரு நுனிகளும் சந்திக்கும் சந்தி. நுனி கிளம்பியபின் மிச்சத்தைக் கையாலேயே உரித்துவிடலாம். நாடா போனபின் ரப்பர் தன் பிடியைத் தளர்த்தும். அப்போது ஒருவர் உள்ளே இருந்து மழுங்கிய திருப்புளியால் ரப்பரின் உதட்டைத் தகர விளிம்புக்கு மேலே தள்ளிக்கொண்டு வர, மற்றொருவர் வெளியே நின்று இரு கைகளையும் ஏந்தியபடி கண்ணாடியின் வருகைக்குக் காத்திருப்பார்.

மூன்றாவது கருவி தோசைத்திருப்பி. நகைக்க வேண்டா. வெளிநாடுகளில் இத்தொழிலுக்கென்றே நைலானால் தட்டையான நெம்புகோல்கள் செய்து, பெட்டியில் அடுக்கி விற்கின்றனர். அவற்றின் பெருமையெல்லாம் அவை உலோகமல்ல, கூருமில்லை என்பதுதான். ஒட்டாத கல்லில் தோசை சுடுவதற்கு வாங்கிய நைலான் திருப்பியும் அதே பொருளால், அதே தட்டையோடு, அதே மழுங்கலோடு அமைந்திருப்பதை யாத்திரை வேன்களின் பராமரிப்பாளர்கள் எவர் சொல்லியும் தெரிந்துகொள்ளவில்லை. அடுப்படியும் சன்னலும் ஒரே வண்டிக்குள் இருந்ததால் கை தானே போயிற்று. இக்கண்டுபிடிப்பின் காரணமாகத் திருப்பியைக் காணாது தேடிவந்த ஓர் ஆச்சி, "ஏம்ப்பா, கண்ணாடிக்குத் தோசை ஊத்தப் போறீகளா?" என்று கேட்டதற்குப் பட்டறையில் ஒருவரும் விடை சொல்லவில்லை. விடை சொல்லியிருந்தால் திருப்பி திரும்பிப் போயிருக்கும்.

துலக்கும் கருவிகளைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, பழைய பசையைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு ஒரு பூச்சுப் பூசிக் காயவிட வேண்டும். காயாத பூச்சின்மேல் ரப்பரை ஏற்றுவோர், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறவர்கள்.

ஆக்கும் கருவிகள் ஐந்து: சோப்புத் தண்ணீர், கயிறு, வெயில், கண்கொக்கி, உள்ளங்கை. இவற்றுள் கூர்மையுடையது ஒன்றுமில்லை என்பதை வாசகர் குறித்துக்கொள்வாராக.

சோப்புத் தண்ணீரைக் கருவி என்று கொள்ளலாமா என்பது பற்றிச் சிறு விவாதம் உண்டு. வழுக்கல் வேண்டுமென்றால் கிரீஸ் பூசலாமே, டீசல் தடவலாமே என்பார் சிலர். கனிம எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதனை உப்பச் செய்து கெடுத்துவிடும் என்பது ஒருபுறமிருக்க, கிரீஸ் வேலை முடிந்தபின்னும் போகாமல் அங்கேயே குடியிருந்து, ரப்பர் தகரத்தைப் பற்றவிடாமல் செய்யும். சோப்புத் தண்ணீரோ, வேண்டுமட்டும் வழுக்கிக் கொடுத்து, வேலை முடிந்ததும் ஆவியாகிப் போய்விட, ரப்பர் தன் சுயபலத்தால் பற்றிக்கொள்கிறது. உரிய காலத்தில் வந்து உரிய காலத்தில் விலகும் இந்த உத்தம குணம் பெரிய பெரிய நிர்வாகிகளுக்கே அரிது.

வெயிலைக் கருவியாகக் கொள்வதில் செட்டிநாட்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. குளிர்தேசத்தார் விறைத்த பிவிசி நாடாவை இளக்குவதற்கு வெந்நீர்த் தொட்டியையும் தலைமயிர் உலர்த்தும் மின்யந்திரத்தையும் நாடுகின்றனர். காரைக்குடியிலோ, நண்பகலில் புது நாடாச் சுருளை வேனின் தகரக் கூரைமேல் பரப்பிவைத்து, மோர் குடித்துவிட்டு வந்தால் போதும். மின்சாரச் செலவில்லை, மின்வெட்டும் தடையில்லை. மார்கழியிலும் இவ்வெயிலுக்குக் குறைவில்லை என்பதால்தான் சிறுபொழுது நண்பகல் என்று மேலே விதித்தோம்.

கண்கொக்கி என்பது லாக் பீடிங்கைப் பள்ளத்தில் இறக்கும் கருவி. தடித்த கம்பியை ஒரு கண்போல வளைத்து, இரு காலையும் பழைய அரத்தின் மரப்பிடிக்குள் அடித்துச் செருகினால் அது தயார். அந்தக் கண்ணுக்குள் நாடாவை நுழைத்து, கண்ணின் முனையை ரப்பர்ப் பள்ளத்தில் அழுத்தி, பள்ளத்தின் வழியே இழுத்துச் சென்றால், கண் முன்னே சென்று ரப்பரின் இரு உதடுகளையும் அகற்றிக் கொடுக்க, நாடா பின்னே சென்று பள்ளத்தில் அமர, உதடுகள் அதன்மேல் மூடிக்கொள்ளும். இழுப்பவர் நாடாவை நீட்டி இழுத்துவிடக் கூடாது. நீண்டது பின்னர் சுருங்கியே தீரும். ஆதலின் நாடாவைத் தளர்த்தி ஊட்டிக்கொண்டே போய், விரலளவு மிகையாக வெட்டி, நுனிகளை ஒன்றையொன்று நெருக்கும்படி உள்ளே திணிப்பது மரபு. சந்தியைச் சன்னலின் அடிப்பக்கத்தில் வைப்பதே நன்று. பின்னொரு நாள் இடைவெளி விழுந்தாலும் மேலிருந்து வழியும் நீருக்கு அது வாயிலாகாது.

இரு மதங்கள்

வைணவ ஆசாரியர்கள் ஜீவன் இறைவனை அடையும் வழியைப் பற்றி மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இரண்டாகப் பேசுவர்: குரங்குக்குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்கிறது; பூனைக்குட்டியைத் தாய் வாயால் கவ்விச் செல்கிறது. சன்னல் சாஸ்திரத்திலும் இதே பிளவு நேர்ந்திருப்பது ஆச்சரியமே. ரப்பரை முதலில் கண்ணாடிக்கு மாட்டி, கண்ணாடியோடு சேர்த்து வண்டியைப் பற்றிக்கொள்ளச் செய்வது ஒரு மதம். ரப்பரை முதலில் வண்டியின் தகர விளிம்புக்கு மாட்டி, அந்த ரப்பர் கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும்படி செய்வது மற்றொரு மதம். லாக் பீடிங் உள்ள சன்னலுக்குப் பின்னதும், இல்லாத சன்னலுக்கு முன்னதும் ஏற்றவை என்று சமரசம் செய்துவைக்க முடியுமாயினும், இரு மதத்தாரும் சமரசத்தை விரும்புவதில்லை.

முதல் மதத்தாரின் பிரயோகத்தை அருகிருந்து காண்பது ஓர் அனுபவம். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டியபின், தகரத்தைக் கவ்வ வேண்டிய பள்ளத்துக்குள் வழவழப்பான நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு நுனிகளும் அடிப்பக்கத்தின் நடுவில் சாண் அளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளியே தொங்கும்படி விடுகிறார்கள். சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து சட்டத்தில் சார்த்தி, கயிற்று நுனிகளை உள்ளே விடுகிறார்கள். உள்ளே இருக்கும் இளைஞன் ஒரு நுனியைப் பிடித்து மெல்ல இழுக்கிறான். வெளியே நிற்கும் மூத்தவர், கயிறு வந்துகொண்டிருக்கும் அதே இடத்தில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் கண்ணாடியைத் தட்டுகிறார். கயிறு ஓர் அங்குலம் வர, ரப்பரின் உதடு ஓர் அங்குலம் தகரத்துக்கு மேல் புரண்டு உள்ளே விழுகிறது.

"அண்ணே, மூலை வந்திருச்சு. இழுக்கவா?"

"இரு, இரு. நான் தட்டுறேன், நீ கூடவே வா. வெடுக்குனு இழுத்தா உதடு கிழிஞ்சிரும் தம்பி."

மூலையில் சோப்புத் தண்ணீர் இன்னொரு கை தெளிக்கப்படுகிறது. இருவரும் மூச்சை அடக்குகிறார்கள். 'சளக்' என்றொரு ஒலி. ரப்பர் புரண்டு உட்கார்ந்துவிட்டது. இந்த ஒலியைக் கேட்டபின் மூத்தவர் பீடி பற்றவைப்பதும், இளைஞன் மறுநுனியை நோக்கி நகர்வதும் மாறாத சம்பிரதாயம்.

உள்ளங்கையைக் கருவிகளுள் இறுதியாக வைத்தது அதன் சிறப்பு நோக்கியே. கொட்டாப்புளியும் ரப்பர்ச் சுத்தியும் அருகிலேயே கிடக்க, அவற்றை விடுத்துக் கையால் தட்டுவதன் காரணம், கண்ணாடி எவ்வளவு தாங்கும் என்பதைக் கை அறியும், சுத்தி அறியாது என்பதே. இந்த ஞானம் இந்நாட்டுக்குப் புதிதன்று. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையாலேயே வார்த்துத் தரைக்கல் செய்கிறார்கள். கல் இறுகியபின் கண்ணாடி விலகிவிட, அதன் வழவழப்புக் கல்லின் முகத்தில் நின்றுவிடுகிறது. நாள்தோறும் கண்ணாடியோடு பழகும் அவர்கள் கையிலும் கூரிய கருவி எதுவும் இல்லை.

பூர்வபக்ஷமும் சித்தாந்தமும்

இனி, மழுங்கல் கோட்பாட்டுக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை எடுத்து மறுப்போம்.

'கல்லாகிப்போன பழைய ரப்பரைக் கழற்றக் கத்தியன்றி வேறு கதியில்லை. ஆகவே கூர்மையும் வேண்டும்' என்பது பூர்வபக்ஷம். இது மெய்யே, மீண்டும் பயன்படாத ரப்பரைக் கத்தியால் அறுத்தெடுப்பதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் அறுத்தெறிதல் வேறு, பொருத்துதல் வேறு. எரிப்பதற்கு உதவுகிறதென்பதற்காகத் தீக்குச்சியைத் தச்சுக் கருவிகளுள் சேர்ப்பாரில்லை.

'மழுங்கல் என்பது கூர்மையின்மைதானே. ஒரு குணத்தின் இன்மையை எவ்வாறு குணமென்று கொள்வது?' என்று தர்க்கம் படித்தவர் கேட்பர். கடையில் விற்பது கூர்மை. காசு கொடுத்தால் எவர்க்கும் கிடைக்கும். மழுங்கல் எந்தக் கடையிலும் அளந்து கொடுக்கப்படுவதில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்தோ, அரமும் உப்புத்தாளும் கொண்டு ஒருவர் உட்கார்ந்து தேய்த்தோதான் அது உண்டாக வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கும் கடைகளில், தேய்ந்துபோன பிடிகளையுடைய பண்டங்களைப் புதியவற்றைவிட மிகுந்த விலைக்கு வாங்கிச் செல்லும் வெளியூரார் இந்த உண்மையை அரைகுறையாகவேனும் உணர்ந்தவர்களே. நைலான் நெம்புகோலை விற்பவர்கூடப் பிறவியிலேயே மழுங்கிய ஒன்றை வார்த்து விற்கிறாரேயன்றித் தீட்டி விற்கவில்லை.

எதிர்வாதிகள் அனைவரையும் ஒருங்கே மௌனமாக்கும் பிரமாணம் ஒன்றுண்டு. குளிரூட்டிய பஸ்களில் சன்னலருகே சிவப்பு நிறத்தில் ஒரு சிறு சுத்தி மாட்டப்பட்டிருப்பதை யாவரும் கண்டிருப்பர். ஆபத்துக் காலத்தில் கண்ணாடியை உடைத்து வெளியேறுவதற்கென்றே அமைந்த அச்சுத்தியின் முனை ஊசிபோல் கூராக்கப்பட்டிருக்கிறது. பதப்படுத்திய கண்ணாடி, அகன்ற பரப்பில் விழும் அடியைத் தாங்கிக்கொள்ளும். ஒரு புள்ளியில் குவிந்த கடின முனையையோ, விளிம்பில் பட்ட கீறலையோ தாங்காமல், முழுவதும் ஒரே கணத்தில் கல்கண்டாக உதிரும். எனவே சன்னலைப் பொறுத்தவரை கூர்மையின் தொழில் உடைத்தல், மழுங்கலின் தொழில் பொருத்துதல் என்று மோட்டார் உற்பத்தியாளர்களே தம் வண்டிகளில் எழுதாத சட்டமாக எழுதி மாட்டி வைத்திருக்கின்றனர். புதுத் திருப்புளியோடு சன்னலை அணுகுபவர், அறியாமலே அந்தச் சிவப்புச் சுத்தியின் ஊழியத்தைச் செய்கிறார்.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படும் முடிபுகளாவன: ஒழுக்கு மூலையிலும் சந்தியிலும் பிறக்கும். அதனைத் தீர்க்க வேண்டும் கருவிகளுள் கடையில் அப்பெயரால் வாங்கத்தக்கது அநேகமாக ஒன்றுமில்லை. திருகாணிக்கு உதவாத திருப்புளியும், சைக்கிளை விட்டு நீங்கிய கம்பியும், அடுப்படியிலிருந்து வந்த திருப்பியும், கொடியிலிருந்து அவிழ்த்த கயிறும், வாளியில் கரைத்த சோப்புமே போதும். இவற்றோடு இரண்டு ஆட்கள் வேண்டும். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பவராக இருத்தல் அவசியம். தனியொருவராக இவ்வேலையில் இறங்குவோர், உள்ளே இழுத்துவிட்டு வெளியே ஓடித் தட்டுவதற்குள் ரப்பர் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வேலை முடிந்தபின் சோதனை ஒன்றே: சன்னலின் மேல்விளிம்பில் ஹோஸால் தண்ணீரை விட்டு, உள்ளே இடது முழங்காலை நீட்டி ஒருவரை உட்காரவைக்க வேண்டும். அவர் எழுந்திராதிருப்பின் சித்தி.

வருங்கால ஆராய்ச்சியாளர் இதிலிருந்து தொடங்கி, வேனின் கூரை ஒழுக்கு, கதவு இடுக்கின் தூசி, பின்பக்கத்து ஏணியின் ஓயாத கிலுகிலுப்பு ஆகிய துறைகளுக்குச் செல்லலாம். அவற்றில் இடம் நிறைய இருக்கிறது, போட்டியில்லை. இக்கட்டுரையைப் படித்து முடித்தவர்களுள் சிலருக்கு, விஷயத்தில் ஆழம் உண்டெனினும் எழுத்தில் கூர்மை போதாது என்று தோன்றக்கூடும். அன்னாரின் கருத்தை யாம் மறுக்கப் போவதில்லை. எமது கோட்பாட்டின்படி அதனினும் மேலான பாராட்டு வேறில்லை.